குனிந்த முகம் நிமிர: வெட்கத்தையும் தாழ்வு மனப்பான்மையையும் விசுவாசத்தில் கடக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீடு மதுரை செல்லூரில். தையல்தான் தொழில். ஒன்பது வருஷமாக வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் மாடியில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கிறது, பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். வருகிறவர்களில் பாதிப் பேர் எதையாவது மறைத்துக்கொண்டுதான் படியேறி வருகிறார்கள். நானும் அப்படி இருந்தவள்தான். கடனுக்காகத் தாலிச்செயினை அடகு வைத்த பிறகு இரண்டு வருஷம் ஒரு கல்யாண வீட்டுக்கும் போகவில்லை, ஆலயத்துக்குப் போனாலும் முதல் பாட்டு முடிந்த பிறகு உள்ளே நுழைந்து ஆசீர்வாதம் சொல்வதற்குள் வெளியே வந்துவிடுவேன், கேட்டில் நிற்கிறவர்கள் என் கழுத்தைப் பார்த்துவிடக் கூடாதே என்று.

இதிலிருந்து வெளியே வர வேதத்தில் வழி இருக்கிறது. நாம்தான் படிகளை மாற்றிப் போட்டுவிடுகிறோம். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டு, அது பலிக்காதபோது "எனக்கு விசுவாசமே இல்லை போல" என்று இன்னொரு வெட்கத்தையும் தலையில் ஏற்றிக்கொள்கிறோம். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

தொடங்குவதற்கு முன்

ஒரு நாற்பது பக்க நோட்டு வேண்டும். வேதாகமம் வீட்டில் எது இருக்கிறதோ அதுவே போதும். பழைய மொழிபெயர்ப்பு புரியக் கஷ்டமாக இருந்தால் எளிய தமிழில் இருக்கிற பொது மொழிபெயர்ப்பைப் படியுங்கள், தப்பில்லை. தினமும் 15 நிமிஷம் தனியாக உட்கார ஓர் இடம் வேண்டும்: மொட்டை மாடியோ, ஆராதனை இல்லாத நேரத்தில் ஆலயத்துப் பெஞ்சோ. யாராவது எட்டிப் பார்ப்பார்கள் என்ற பயம் இருந்தால் கை உண்மையை எழுதாது, அதற்காகத்தான் தனி இடம் கேட்கிறேன். நோட்டையும் யார் கைக்கும் போகாத இடத்தில் வையுங்கள். நான் தையல் மெஷின் டிராயரில் பாபின் டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன்.

ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே உபவாசக் கூட்டத்தில் எல்லாம் போய்விட வேண்டும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள்தான் இரண்டாவது வாரம் நின்றுவிடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். பல நாளாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் போல இருக்கிறது என்றால் இந்த நோட்டை ஓரமாக வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டிலிருந்தே பேச டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் 1 இராஜாக்கள் 19-ஐக் காட்டுங்கள். எலியா தீர்க்கதரிசி சாக வேண்டும் என்று கேட்டபோது அவனுக்குப் பிரசங்கம் நடக்கவில்லை. தூங்கவிட்டு, தூதன் தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், அதுவும் இரண்டு தடவை.

வீட்டில் இப்போதும் அடியோ அத்துமீறலோ நடந்துகொண்டிருந்தால், பாதுகாப்பான இடத்துக்குப் போவதுதான் உங்கள் முதல் படி. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

1. எதை மறைக்கிறீர்கள் என்று கண்டுபிடியுங்கள்

"எனக்குத் தாழ்வு மனப்பான்மை" என்று எழுதினால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, அவ்வளவு பெரிய மூட்டையைத் தூக்க முடியாது. கால் எங்கே போக மறுக்கிறது என்று பாருங்கள். எந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறீர்கள்? யாருடைய போன் வந்தால் அடித்து ஓயட்டும் என்று விடுகிறீர்கள்? எந்தக் கேள்வி வருவதற்குள் பேச்சை மாற்றுகிறீர்கள்? குரூப் போட்டோ எடுக்கும்போது யார் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கிறீர்கள்? பதிலை எழுதுங்கள். ஒன்று இரண்டு போதும், இருபது வேண்டாம்.

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், ஏதேனில் ஒளிந்த மனுஷனிடம் கர்த்தர் கேட்ட முதல் கேள்வி "நீ எங்கே இருக்கிறாய்?" என்பதுதான். என்ன செய்தாய் என்பது அப்புறம்தான் வருகிறது. ஒளிந்திருக்கிற இடத்தை அவன் வாயாலேயே சொல்ல வைக்கிறார்.

அதே அதிகாரத்தில் அவர்கள் அத்தியிலைகளைத் தைத்து உடுத்திக்கொண்டார்கள் என்று இருக்கிறது. துணி தைக்கிற எனக்கு இந்த வசனம் நன்றாகவே புரியும். இலையில் தையல் நிற்காது, ஊசி போன இடம் கிழிந்துகொண்டே வரும், சாயங்காலத்துக்குள் வாடிச் சுருண்டுவிடும், மறுநாள் புது இலை பறித்து முதலிலிருந்து தைக்க வேண்டும். வெட்கத்தை மூடிக்கொண்டு வாழ்வதும் இப்படி ஓயாத வேலைதான். கழுத்தில் கிடப்பது கவரிங் என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்த அந்த இரண்டு வருஷத்தில் எனக்கு வந்த அசதி, கடனால் வந்த அசதியைவிடப் பெரியது. பிறகு அந்த அதிகாரத்தின் 21-ஆம் வசனத்தில் கர்த்தரே தோலால் உடை செய்து அவர்களுக்கு உடுத்துகிறார். இலையை ஒதுக்கினால்தானே அதை உடுத்த முடியும்?

2. மூன்றாகப் பிரியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். நோட்டில் ஒரு பக்கத்தை மூன்று கட்டமாகக் கோடு போடுங்கள். முதல் கட்டம்: நான் செய்தது. இரண்டாவது: எனக்குச் செய்யப்பட்டது. மூன்றாவது: என்னைப் பற்றிச் சொல்லப்பட்டது.

என் பக்கத்தில் இருந்தது இது. நான் செய்தது: வீட்டுக்காரருக்குத் தெரியாமல் இரண்டாவது கடன் வாங்கி, கேட்டபோது பொய் சொன்னேன். எனக்குச் செய்யப்பட்டது: வட்டிக்குக் கொடுத்தவர் வாசலில் நின்று தெருவே கேட்கச் சத்தம் போட்டார், பிள்ளைகள் கதவிடுக்கில் நின்று பார்த்தார்கள். சொல்லப்பட்டது: "வக்கத்தவ." மனதுக்குள் இருந்தவரை இது மூன்றும் ஒரே உருண்டையாகத்தான் இருந்தது. எழுதின பிறகுதான் முதல் கட்டத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது என்று தெரிந்தது.

பிரிப்பதற்குக் காரணம், ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. செய்ததற்கு மன்னிப்பு வேண்டும். செய்யப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை, அங்கே ஆறுதலும் நியாயமும் வேண்டும். சொல்லப்பட்டதற்கு வேண்டியது உண்மை. காய்ச்சல் மாத்திரையைக் காயத்தில் பூசினால் ஆறுமா?

புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, எல்லாவற்றையும் முதல் கட்டத்தில் எழுதுவது. சின்ன வயதில் சொந்தக்காரன் ஒருவன் செய்த அசிங்கத்தைக்கூடத் தன் பாவமாக எழுதிக்கொண்டு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அது உங்கள் கட்டத்தில் வரவே வராது. எடுத்து இரண்டாவதில் போடுங்கள். கூட்டத்தில் "பாவத்தை அறிக்கையிடு" என்று மட்டுமே கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டமாகத்தான் இருக்கும்.

சாதியைச் சொல்லி வந்த அவமானம், நிறத்தைச் சொல்லி வந்தது, ஆங்கிலம் வராததால் வந்தது, மார்க் குறைந்ததால் வந்தது, இதெல்லாம் இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான் போகும். சாதி விஷயத்தில் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இது சபைக்கு வெளியே மட்டும் நடப்பது இல்லை. தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்தில்கூடப் பிரிவு வைத்திருக்கிற ஊர்கள் இருக்கின்றன. அப்படி ஒரு இடத்தில் உங்கள் தலை குனிந்திருந்தால் அது அவர்கள் செய்த பாவம், அதை உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

எந்தக் கட்டத்திலும் சேராதவையும் உண்டு. மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தங்கச்சி, கல்யாணமாகி எட்டு வருஷம், முதல் கட்டத்தில் "பிள்ளை இல்லை" என்று எழுதியிருந்தாள். "இது நீ செஞ்சதாம்மா?" என்று கேட்டேன். எழுதினதை அடித்துவிட்டாள். இரண்டாவதில் எழுதப் பார்த்தாள், யார் செய்தது என்று தெரியவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் பக்கத்தின் அடியில் தனியாகக் கோடு போட்டு அங்கே எழுதினாள். யோவான் 9-இல் பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் "யார் செய்த பாவம்?" என்று கேட்கிறபோது, இவன் செய்ததும் இல்லை, பெற்றவர்கள் செய்ததும் இல்லை என்று இயேசு சொல்கிறாரே, அந்தக் கோட்டுக்குக் கீழே எழுத வேண்டியவை அவை.

3. முதல் கட்டத்தில் இருப்பதை மட்டும் அறிக்கையிடுங்கள்

பொத்தாம்பொதுவாக "நான் பாவி" என்று சொல்ல வேண்டாம். எழுதின வரியை அப்படியே வாய்விட்டுச் சொல்லுங்கள். 1 யோவான் 1:9 அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் "உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்கிறது. நீங்கள் எவ்வளவு நேரம் அழுதீர்கள் என்பதைப் பொறுத்து அது இல்லை. கத்தோலிக்கராக இருந்தால் ஒப்புரவுக்கு, அதாவது குருவிடம் பாவ அறிக்கை செய்யப் போங்கள். மற்ற சபைக்காரர்கள் ஞாயிறு ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லும்போது அந்த வரியை மனதில் வைத்துச் சொல்லுங்கள், மன்னிப்பின் வார்த்தை வரும்போது காதைத் திறந்து கேளுங்கள்.

திருப்பிக் கொடுக்க வேண்டியது இருந்தால் கொடுங்கள், அல்லது எப்போது கொடுப்பீர்கள் என்று போய்ச் சொல்லுங்கள். வரி வசூலித்த சகேயு, அநியாயமாக வாங்கினதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். ஆனால் இயேசு அவன் வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்னது அதற்கு முன்னால். அந்த வரிசையை மறந்தால் மன்னிப்பையும் வட்டி கட்டி வாங்குகிற மாதிரி ஆகிவிடும்.

தவறு எங்கே நடக்கிறது என்றால், அதே பாவத்தை வாராவாரம் அறிக்கையிடுவதில். ஒரு தடவை செய்தாயிற்று. மறுபடி நினைவு வந்தால் "இது தீர்ந்தது, நன்றி ஆண்டவரே" என்று மட்டும் சொல்லுங்கள். நோட்டில் அந்த வரியின் பக்கத்தில் தேதி போட்டு வைத்தால் சந்தேகம் வரும்போது உதவும்.

4. இரண்டாவது கட்டத்துக்காகப் புலம்புங்கள்

நம் சபைகளில் துதிக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள், புலம்பச் சொல்லிக் கொடுப்பதில்லை. சங்கீதம் 22-ஐயும் 69-ஐயும் எடுத்து மெதுவாகப் படியுங்கள். "நானோ ஒரு புழு, மனுஷனல்ல" என்று வேதத்திலேயே எழுதியிருக்கிறது, அதை எழுதினவனை யாரும் அவிசுவாசி என்று சொல்லவில்லை. அந்தச் சங்கீதத்தின் முதல் வரியைத்தான் இயேசு சிலுவையில் சொன்னார். 69:19-இல் "தேவரீர் என் நிந்தையையும் என் வெட்கத்தையும் என் அவமானத்தையும் அறிந்திருக்கிறீர்" என்று வருகிறது. அதற்குக் கீழே உங்களுக்கு நடந்ததை உங்கள் பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள். திட்டு வந்தால் வரட்டும்.

சிலுவை என்பது வலி மட்டும் இல்லை. ஊர் நடுவில் துணியை உருவி, போகிறவர் வருகிறவர் எல்லாம் பரியாசம்பண்ண வைத்த தண்டனை. வாசலில் நின்று ஒருவர் கத்தும்போது பிள்ளைகள் முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று இயேசுவுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. எனக்கு அழுகை வந்தது இந்த இடத்தில்தான்.

கூட இருக்கிறவர்கள் செய்யும் தவறு, "மன்னிச்சிரும்மா, மன்னிச்சாத்தான் விடுதலை" என்று அவசரப்படுத்துவது. மன்னிப்பு வரும், ஆனால் என்ன நடந்தது என்று முழுசாகச் சொல்லி முடிக்காமல் எதை மன்னிப்பது? யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். இந்தப் படிக்குக் குறைந்தது இரண்டு வாரம் கொடுங்கள்.

5. மூன்றாவது கட்டத்துக்குப் பதில் வார்த்தை தேடுங்கள்

பெரும்பாலானோர் நேராக இங்கே வந்துவிடுகிறார்கள். "நான் ராஜாவின் பிள்ளை, நான் தலை, வால் இல்லை" என்று கண்ணாடி முன் நின்று சத்தமாகச் சொல்வது. சொல்லும்போது நன்றாக இருக்கும், சாயங்காலம் யாராவது முகத்தைச் சுளித்தால் இறங்கிவிடும். காரணம், உங்களைக் குத்தின வார்த்தை ஒன்று, நீங்கள் பதில் சொல்வது வேறு ஒன்றுக்கு.

ஒரு பழிச்சொல்லுக்கு ஒரே ஒரு வசனம், அதற்கு நேராக எழுதுங்கள். "வக்கத்தவ" என்பதற்கு நேராக நான் ஏசாயா 43:4 எழுதினேன்: "நீ என் பார்வைக்கு அருமையானபடியினால் கனம்பெற்றாய்." யார் பார்வைக்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சபையில் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று ஒதுக்கப்பட்ட ஒரு அக்கா எபிரெயர் 2:11-ஐ எடுத்தார், இயேசு நம்மைச் சகோதரர் என்று சொல்ல வெட்கப்படவில்லை என்கிற வசனம். மூன்று நான்கு வசனத்துக்கு மேல் வேண்டாம், ஐம்பது வசனம் ஒட்டின சுவரை யாரும் படிப்பதில்லை.

லூக்கா 15-இல் சொத்தை அழித்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிற இளைய மகன் வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு வருகிறான், கடைசி வரி "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்". வீட்டுக்கு வந்து பேச ஆரம்பிக்கிறான், பாவம் செய்ததைச் சொல்கிறான், பாத்திரன் அல்ல என்றும் சொல்கிறான். ஆனால் அந்தக் கூலிக்கார வரி மட்டும் வருவதில்லை, அதற்குள் தகப்பன் வஸ்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறான். நீங்கள் மனதுக்குள் தயார் பண்ணி வைத்திருக்கிற கூலிக்கார வரி எது என்று பாருங்கள். "எனக்கு இது போதும்", "நான் ஓரமா இருந்துக்கிறேன்" என்று அடக்கம் மாதிரியே இருக்கும். அதற்கும் நேராக ஒரு வசனம் எழுதுங்கள்.

6. ஒரே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்

ஐந்து படியும் நோட்டுக்குள் நடந்தது. இது வெளியே நடக்க வேண்டும். மனுஷர் பார்த்ததால் குனிந்த முகம், ஒரு மனுஷர் முழுசாகத் தெரிந்துகொண்டும் விலகிப் போகாமல் இருப்பதைப் பார்த்தால்தான் நிமிரும். யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்வது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

யாரிடம் என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது: அவர்கள் இதுவரை அடுத்தவர் ரகசியம் எதையாவது உங்களிடம் சொல்லியிருக்கிறார்களா? சொல்லியிருந்தால் வேண்டாம், உங்களுடையதும் போகும். ஐயரம்மாவாக (போதகரின் மனைவி) இருக்கலாம், கன்னியாஸ்திரி சிஸ்டராக இருக்கலாம், வயதான ஒரு அக்காவாக இருக்கலாம். பெண்கள் பெண்ணிடமும் ஆண்கள் ஆணிடமும் சொல்வது பின்னால் வரும் சிக்கலைத் தவிர்க்கும்.

ஆலய வாசலிலும் வாட்ஸ்அப்பிலும் வேண்டாம். நடந்துகொண்டே பேசினால் எளிது, முகத்துக்கு நேராகப் பார்க்க வேண்டியதில்லை. நான் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கும்போது எங்கள் சபை அக்கா ஒருவரிடம் சொன்னேன். ஆரம்பிக்க வரவில்லை, அதனால் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் பண்ணிப் போயிருந்தேன், நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்: "அக்கா, ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும். பதில் ஒன்னும் வேணாம், கேட்டுட்டு ஜெபம் பண்ணுங்க. ஜெபக்குறிப்பா வேற யாருக்கும் கொடுத்துறாதீங்க." அந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம். நம் சபைகளில் ரகசியம் வெளியே போவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் இல்லை, "இவங்களுக்காக ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லிக் கொடுக்கிற ஜெபக்குறிப்பாகத்தான் போகிறது.

ஒரு சுற்று முடிவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன், கடன், பொய், கவரிங் எல்லாம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து, கையில் இருந்த சுண்டல் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்கள். நிமிர்ந்து பார்த்தேன். அவர்கள் என் கழுத்தைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே பெரிய தவறு, ஒருவரிடம் சொல்லாமல் நேராக மேடையேறிச் சாட்சி சொல்வது. மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டு மறுநாள் இரட்டிப்பாக ஒளிந்துகொண்டவர்கள் உண்டு. யாராவது உங்களைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தினால் மாட்டேன் என்று சொல்லலாம்.

7. ஒளிந்த இடத்துக்குத் திரும்பப் போங்கள்

முதல் படியில் எழுதின தெருவும் போனும் ஞாபகம் இருக்கிறதா? இப்போது அங்கே போக வேண்டும். பேதுரு கரிநெருப்பு ஓரத்தில் குளிர்காய்ந்துகொண்டு, இயேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்தான். யோவான் 21-இல் கரைக்கு வந்தால் அங்கேயும் கரிநெருப்பு. இயேசு போட்டு வைத்தது. அதன் பக்கத்தில் வைத்து, என்னை நேசிக்கிறாயா என்று மூன்று தடவை கேட்கிறார். அதே புகை வாசனையில் வேறு ஒரு பேச்சு நடந்த பிறகுதான் பேதுருவால் எழுந்து போக முடிந்தது.

முதலில் சின்ன இடமாக எடுங்கள். பத்து நிமிஷம் போதும். ஆறாவது படியில் சொன்னவரையே கூடக் கூட்டிப் போங்கள். கேட்கப்போகும் கேள்விக்கு ஒரு வரிப் பதில் தயாராக வையுங்கள், பொய்யும் இருக்கக் கூடாது, முழுக் கதையும் வேண்டாம்.

நான் திருமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். செய்முறை பெரிசாகச் செய்ய முடியாததால்தான் விசேஷங்களையே விட்டிருந்தேன். அன்றைக்கு இருநூறு ரூபாய் எழுதினேன், பெயரைச் சத்தமாகச் சொல்லித்தான் எழுத வைத்தேன். முந்தானையை இழுக்கவில்லை. பந்தியில் பக்கத்து இலைக்காரம்மா கழுத்தைப் பார்த்துவிட்டு "செயின் எங்க?" என்றார். "அடகுல இருக்கு, மீட்டுருவோம்க்கா" என்றேன். அவர் ரசத்துக்குக் குழி பண்ணிக்கொண்டே "எங்க வீட்டுலயும் ரெண்டு வளையல் உள்ளதான் கெடக்கு" என்றார். அவ்வளவுதான் நடந்தது. இரண்டு வருஷம் இதற்குத்தான் ஒளிந்திருந்தேன்.

எல்லாருக்கும் இப்படி அமையாது. சிலர் முகத்தைச் சுளிப்பார்கள், அதற்கும் மனதைத் தயார் பண்ணிக்கொண்டு போங்கள். ஒரு விதிவிலக்கு கண்டிப்பாக உண்டு: உங்களுக்குக் கொடுமை செய்தவர் இருக்கிற இடத்துக்குத் திரும்பப் போக வேண்டியதில்லை, விசுவாசத்தின் பெயரால் யார் சொன்னாலும்.

8. மறுபடி வந்தால்

வரும். முகூர்த்த மாதங்களில், ரிசல்ட் வருகிற நாளில், கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி எடுக்க முடியாத வருஷத்தில். வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். இது எந்தக் கட்டம் என்று மட்டும் பாருங்கள். செய்ததா, செய்யப்பட்டதா, சொல்லப்பட்டதா? அந்தக் கட்டத்துக்கான படியை மட்டும் செய்யுங்கள். எனக்கு இப்போது வருவது பெரும்பாலும் மூன்றாவதுதான், வசனத்தைப் பார்த்துவிட்டு மெஷினில் உட்கார்ந்துவிடுவேன்.

நோட்டை என்ன செய்வது

எல்லாரும் கேட்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். முதல் கட்டத்தில் அறிக்கை செய்து திருப்பிக் கொடுத்தும் முடித்த வரிகளை வெட்டி எடுத்துக் கிழித்துப் போடுங்கள், மீதி பாக்கி இருப்பவை தேதியோடு இருக்கட்டும். இரண்டாவது கட்டத்தைக் கிழிக்க வேண்டாம். பின்னால் ஒரு டாக்டரிடமோ, வக்கீலிடமோ, போலீஸிலோ சொல்ல வேண்டி வந்தால் என்ன, எப்போது என்பது எழுதியிருப்பது உதவும். மூன்றாவது கட்டத்தையும் அதற்கு நேரான வசனங்களையும் தனித்தாளில் எழுதி வேதாகமத்துக்குள் வையுங்கள். என்னுடையது ஏசாயாவில் இருக்கிறது, மடிப்பில் நைந்துபோனதால் பின்னால் ஒரு துண்டு கேன்வாஸ் வைத்து ஒட்டியிருக்கிறேன்.